உடைத்துப் பார்த்து மார்க் போடுங்கள்!



ஆண்டு மலரில் கவிதை எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. மூன்று வருடம் இங்கே படித்துவிட்டு வெளியே போகப் போகிறவன் என்ற முறையில், மனதில் பட்ட ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் பேனா எடுத்தேன். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். தவறு என்று பட்டால் கேன்டீனில் வைத்துத் திட்டுங்கள்!

முதலில் ஒரு கேள்வி. வெல்டிங் ஷாப்பில் நாம் எல்லோரும் ஜாப் செய்திருக்கிறோம். ஒரு பட் ஜாயின்ட், ஒரு லேப் ஜாயின்ட், ஒரு டீ ஜாயின்ட். கசடைத் தட்டி, ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய் மேஜைமேல் வைத்திருக்கிறோம். மார்க்கும் வாங்கியிருக்கிறோம். உங்களில் யாருடைய ஜாப்பையாவது யாராவது உடைத்துப் பார்த்தது உண்டா?

என்னுடையதை யாரும் உடைக்கவில்லை. 25-க்கு 22 மார்க் கிடைத்தது. ரெக்கார்டு நோட்டில் படம் சுத்தமாக இருந்ததற்கும் சேர்த்து....

அந்த 22 மார்க்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் தோள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன குடோனில் லோடுமேனாக இருந்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் மினி லாரியின் பின் கதவில் சாய்ந்து நின்று மூட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கதவின் கீல் பிய்த்துக்கொண்டது. ஐம்பது கிலோ மூட்டையோடு கீழே விழுந்தார். வலது தோள்பட்டை போயிற்று. அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. இப்போது அதே குடோனில் உட்கார்ந்து மூட்டை வாய் தைக்கிறார். கூலி பாதி.

"கீலு புதுசுதான் கண்ணு.... பெயிண்ட் வாசம்கூடப் போகல" என்று இன்றைக்கும் சொல்வார். வெல்டிங் வைத்து இரண்டு வாரம்கூட ஆகாத கதவாம்!

அந்த வெல்டிங்கை வைத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த ஆள்மேல் எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது. போன வருடம் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

பட்டறையில் ஒரு சுமோ

போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் கைவேலைக்குச் சேர்ந்தேன். நாமக்கல்லில் முட்டைக்கு எவ்வளவு பெயரோ லாரி பாடிக்கும் அவ்வளவு பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பட்டறை மேஸ்திரி அண்ணன் ஏழாம் வகுப்போடு நின்றவர். முப்பது வருடமாக இரும்போடும் நெருப்போடும் இருப்பவர்.

அங்கே மூலையில் ஒரு பழைய டாடா சுமோ நின்றது. ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்து, உடைப்பதற்கென்று போட்டிருந்த வண்டி. ஆனால் இஞ்சின் நன்றாக ஓடியது. மேஸ்திரி சொன்னார்: "பின்னால அறுத்துப் போட்டு பிக்கப் மாதிரி பண்ணிக்கலாம் கண்ணு. கேட்டுக்குள்ளயே இரும்பு இழுக்கறதுக்கு ஆச்சு. நீயும் வெல்டிங் பழகிக்குவ."

ஒரு சுவையான செய்தி. சுமோவைப் பிக்கப் ஆக்குவது அதைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புகிற மாதிரி! 1988-ல் டாடாமொபைல் என்ற பிக்கப் வந்தது. அந்த அடித்தளத்திலிருந்துதான் 1991-ல் சியாராவும் 1994-ல் சுமோவும் வந்தன. சுமோ என்றால் ஜப்பான் மல்யுத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது டெல்கோவின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த பெயர். 2019-ல் அதன் உற்பத்தி நின்றுபோனது. அடியில் ஏணி மாதிரி தனி சேசிஸ், அதன்மேல் தனி பாடி. பின்னால் அறுத்தாலும் வண்டி தாங்குவதற்கு அதுதான் காரணம். இன்று ஓடுகிற பெரும்பாலான கார்களில் பாடியும் சேசிஸும் ஒன்றே. அதை அறுத்தால் வண்டியின் முதுகெலும்பையே அறுத்த மாதிரி!

ஒரே அடி

முதல் நாள் மேஸ்திரி வண்டியைத் தொட விடவில்லை. இரண்டு துண்டுப் பட்டையைக் கொடுத்து, "ஒட்டிக் காட்டு பாப்போம்" என்றார். எனக்குள்ளே ஒரு மிதப்பு. 22 மார்க் வாங்கினவன் அல்லவா! 10 நம்பர் ராடு மாட்டினேன். மெஷினில் கரண்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. டீ ஜாயின்ட் போட்டு, கசடு தட்டிக் காட்டினேன். மீன் செதில் மாதிரி வரிவரியாக அழகாக இருந்தது.

"ஷோக்கா இருக்குது" என்றார். வைஸில் மாட்டினார். வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் ஒரே அடி. கழன்று விழுந்தது!

உடைந்த இடத்தைப் பார்த்தேன். அடித்தகட்டில் கிரைண்டர் போட்ட கோடுகூட அழியவில்லை. அதாவது, என் வெல்டிங் அந்த இரும்பை உருக்கவே இல்லை. ராடு மட்டும் உருகி மேலே உட்கார்ந்து ஆறியிருக்கிறது. சுவரில் தட்டிய வறட்டியை உரிக்கிற மாதிரி உரிந்து வந்துவிட்டது. மெஷினைப் பார்த்தால் 70 ஆம்பியரில் நிற்கிறது. 10 நம்பர் ராடு என்பது 3.15 மி.மீ. ராடு. அதற்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். ராடு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான் பாக்கெட்டைப் படிக்கவில்லை.

அந்தத் துண்டைப் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தக் கீலும் இப்படித்தான் கண்ணு இருந்துச்சு. இரும்புல ஒட்டவே இல்ல" என்றார். பிறகு கேட்டார்: "ஏஞ்சாமி, இதே மாதிரி செஞ்சதுக்கு உங்க காலேஜ்ல எவ்வளவு மார்க்கு போட்டாங்க?"

இருபத்திரண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுப்பதற்கு முன்னால் ஆயிரம் வேலை

யூடியூபில் இந்த வேலையைப் பத்து நிமிடத்தில் செய்து காட்டுகிறார்கள். கிரைண்டர் பொறி பறக்கும், பாட்டு ஓடும், புதுப் பெயிண்டோடு வண்டி நிற்கும்! எங்களுக்கு விடுமுறையும் போதாமல், அதற்குப் பிறகு வந்த சனி ஞாயிறுகளும் சேர்த்து மூன்று மாதம் பிடித்தது. அதில் அறுத்தது ஒரே ஒரு மதியம்தான்.

முதலில் பேட்டரியைக் கழற்றினோம். டீசல் டேங்கையும் டியூபையும் எடுத்து வெளியே வைத்தோம். சீட், கண்ணாடி, கூரைத் துணி எல்லாம் போன பிறகும் பக்கத்தில் மணல் வாளி வைத்தோம். பிறகு மேஸ்திரி ஒரு வேலை செய்தார். அறுப்பதற்கு முன்பே, கதவு வாய்க்குக் குறுக்கே ஆங்கிளை வைத்து டாக் பிடித்தார். "எதுக்குங்ண்ணா?" என்றேன். "கூரையை எடுத்துட்டா பாடி வாயைப் பொளந்துக்கும். அப்புறம் கதவு சாத்தாது" என்றார். பெல்ட் மாட்டுகிற தூணுக்குப் பின்னால்தான் கோடு போட்டார். "பெல்ட்டு போச்சுன்னா மனுசன் போச்சு."

கேபினின் பின் சுவரை மூடும்போது எனக்கு அடுத்த பாடம். பாடித் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். ராடு பட்டதும் ஓட்டை! சி.ஓ.டூ மெஷினுக்கு மாறினோம். அதிலும் ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு சூட்டில் அப்பளம் மாதிரி நெளிகிறது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடியும் நடுவில் ஒரு பொட்டு.... இப்படித்தான் சேர்த்தோம்.

லோடு பாடியை சேசிஸில் உட்கார வைக்கும்போது நான் ராடைத் தூக்கிக்கொண்டு போனேன். மேஸ்திரி கையைப் பிடித்துவிட்டார். "சேசிஸ்ல நெருப்பு படக்கூடாது" என்றார். யூ போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் நாம் படித்திருக்கிறோம். வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் தன்மை மாறிவிடுகிறது. ஓயாமல் அதிர்கிற சேசிஸில் விரிசல் அங்கேதான் தொடங்கும். அவருக்குத் தெரிந்தது "கூடாது". எனக்குத் தெரிந்தது "ஏன்". இரண்டும் ஒருவரிடமே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொரு நாள், பாடி எவ்வளவு நீளம் என்று பேச்சு வந்தது. நீளமாகப் போட்டால் இரும்பு நிறைய ஏற்றலாம் என்றேன். "பின்னால பாரம் போனா மூக்கைத் தூக்கும்" என்றார். சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டேன். சுமோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய 2.4 மீட்டர். 500 கிலோ பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் விழுந்தால், 500-ஐ 0.3-ஆல் பெருக்கி 2.4-ஆல் வகுக்க வேண்டும். முன்சக்கரத்தின் மேலிருந்து 62.5 கிலோ எடை குறைகிறது! முன்னால் எடை குறைந்தால் ஸ்டீயரிங் பிடிப்பும் குறையும். மேஸ்திரி அந்தக் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் கண்ணுல பாத்து சொல்றதை நீ கிலோவுல சொல்ற" என்றார். பாடியை ஒரு அடி குறைத்து, கேபினை ஒட்டி முன்னால் தள்ளி வைத்தோம்.

செமஸ்டரில் அந்தப் பாடத்தில் நான் பாஸ் மார்க்தான். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

ரோட்டுக்கு வராத வண்டி

இதைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி வந்தார். தன் பழைய வண்டியையும் இதே மாதிரி ஆக்கித் தரச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ரோட்டில் ஓட்டத்தான். மேஸ்திரி என்னிடம், "நீ படிச்ச பையன். சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

படித்துச் சொன்னேன். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேஸ் மாட்டுவது, மாற்றுத்திறனாளிக்காக மாற்றுவது போன்ற சிலவற்றுக்குத்தான் வழி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மேஸ்திரி மறுநாளே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல தொகை. அவருக்கு நஷ்டம்தான். "முப்பது வருசத்துல யாரும் எனக்கு இதைப் படிச்சுக் காட்டல கண்ணு" என்றார். எங்கள் சுமோ இன்றும் பட்டறை கேட்டைத் தாண்டுவதில்லை.

நண்பர்களே, சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு இப்போது புரிகிறது. பெயிண்ட் அடித்துவிட்டால் எந்த வெல்டிங் பிடித்திருக்கிறது, எந்த வெல்டிங் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் சாய்கிற லோடுமேனுக்குத்தான் தெரியும். அதுவும் விழுந்த பிறகு!

நான் சொல்ல வருவது

நம் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்கு மெஷினை வைத்துக்கொண்டு அறுபது பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். உடைத்துப் பார்க்காத வெல்டிங்குக்கு மார்க் போடாதீர்கள்!

சிலர் சொல்லலாம்: "நாம டிப்ளமோ. சூப்பர்வைசராப் போகப் போறோம். வெல்டிங் வைக்கறது நம்ம வேலையா?" சரி, சூப்பர்வைசராகவே போங்கள். "ஓகே" என்று கையெழுத்துப் போடப் போவது நீங்கள்தானே? பளபளப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், என் அப்பா விழுந்த அந்தக் கதவுக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். 22 மார்க் வாங்கிய நானும் போட்டிருப்பேன்.

சிலர் சொல்லலாம்: "இரும்புக்கு எங்கே காசு?" பட்டறைகளில் வெட்டிப் போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் பழகுவதற்குக் கொடுப்பார்கள். உடைப்பதற்கு ஒரு வைஸும் ஒரு சுத்தியலும் போதும். ஒரு நிமிட வேலை. அதற்கு மேலும் வேண்டுமென்றால், அடுத்த கட்டடத்தில் யு.டி.எம். இருக்கிறது. வருடாவருடம் அதில் ஒரு முழுக் கம்பியை மாட்டி இழுத்து, கிராஃப் போட்டு முடிக்கிறோம். நாமே வெல்டிங் வைத்த பட் ஜாயின்டை ஏன் அதில் மாட்டி இழுக்கக் கூடாது? இரும்பு முதலில் அறுகிறதா, நம் வெல்டிங் முதலில் அறுகிறதா என்று பார்த்துவிடலாமே!

சிலர் சொல்லலாம்: "மார்க் குறையும்." குறையத்தான் செய்யும். என் ஜாப்பை உடைத்திருந்தால் 5 மார்க்கூடத் தேறியிருக்காது. ஆனால் ஏன் 5 என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பட்டறையில் தெரிய வேண்டியிருக்காது.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்றுதான்.

ஒன்று, வெல்டிங் ஜாப் ஒவ்வொன்றையும் மாணவன் கண்ணெதிரே உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஊர் பட்டறை மேஸ்திரிகளை வெல்டிங் ஷாப்புக்கு அழைக்க வேண்டும். விருந்தாளியாக அல்ல, வாத்தியாராக. கையெழுத்துப் போடத் தயங்குகிறவராக இருந்தாலும் சரி, அவருக்கு நாற்காலி போட வேண்டும். அவர் நமக்குக் கை வேலை சொல்லட்டும். நாம் அவருக்குக் கணக்கையும் சட்டத்தையும் படித்துச் சொல்லுவோம்.

மூன்று, ஆளுக்கொரு சரியான கண்ணாடியும் தோல் கையுறையும் வேண்டும். கண்ணாடி இல்லாமல் டாக் பிடித்துவிட்டு, ஒரு இரவு முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி தூங்காமல் கிடந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அழுதார். பட்டறையில் எடுபிடி வேலைக்கு வரும் அண்ணன்கள் அந்த இரவைப் பல தடவை பார்த்தவர்கள். நாமாவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

கடைசியாக....

சுமோவில் கடைசி வேலை பின் கதவு. கீல் வைக்கிற வேலையை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே கனத்தில் மூன்று மாதிரி செய்தேன். முதல் இரண்டும் சுத்தியலுக்குக் கழன்றன. மூன்றாவதில் பட்டை வளைந்தது, வெல்டிங் அசையவில்லை. அந்தக் கரண்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி கதவில் வைத்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போனேன். மேஸ்திரி டீ வாங்கி வரச் சொன்னார். அப்பா கதவைத் திறந்து மூடினார். கீலைத் தடவிப் பார்த்தார். இடது கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதில் சாய்ந்து நின்று டீ குடித்தார்.

நண்பர்களே, நாம் செய்கிற ஜாப்பில் நாளைக்கு யாரோ ஒருவருடைய அப்பா சாய்ந்து நிற்பார். அவருக்கு நம் மார்க் தெரியாது. நம்மைத் தெரியாது. நம்பி மட்டும் நிற்பார்.

எனவே, அவர் சாய்வதற்கு முன்னால் நாமே உடைத்துப் பார்ப்போம்!



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை